வலை இறக்கிய படகில் மூன்று பின்னேரங்கள்

பெட்டி ஓடும்போது குருடாகிப் போகிறது என்று தம்பி போனில் சொன்னபோது, நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், புத்தகம் கட்டும் கடையில், ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கு முதுகு ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை காயும்வரை மட்டையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் மட்டையில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

"எந்தப் பெட்டி?"

"மீன் பாக்கிற பெட்டி அக்கா. கனடாவிலையிருந்து வந்தது."

சித்தப்பாவின் மகன் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி அனுப்பியிருந்த பெட்டி. உள்ளங்கையளவு திரை. அதிலிருந்து ஒரு வயர் படகின் பின்பக்கம் போகும். அங்கே சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புத் துண்டு திருகப்பட்டிருக்கும். எல்லோரும் அதை சென்சர் என்பார்கள். அது நீருக்குள் ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். சத்தம் கடலடியில் பட்டுத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துப் பெட்டி படம் கீறும்: இவ்வளவு ஆழம், இது மணல், இது கல், நடுவில் மீன். படகு நின்றால் கீறும். மெல்லப் போனாலும் கீறும். எஞ்சினை முறுக்கி ஓடத் தொடங்கினால் படம் கிழிந்துவிடும். ஆழத்தின் எண் மட்டும் கடைசியாகக் கண்ட இடத்திலேயே நின்று மின்னிக்கொண்டிருக்கும்.

தம்பிக்கு அது ஓடும்போதுதான் வேண்டும். மயிலிட்டிக்கு வெளியே கல் கிடக்கும் இடங்களின் ஓரத்தில், பொழுது படுவதற்குள் வலை விடுகிறவன் அவன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒழுங்கை மாதிரி, ஒடுங்கிய பாதையாக மணல். அந்த மணலைக் கண்டு வலை விட்டால் மீன்; தவறிக் கல்லின் மேல் விட்டால் வலை கிழியும். நின்று பார்த்து, ஓடி, திரும்ப நின்று பார்த்து என்று போனால் வெளிச்சத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

"புத்தகம் இங்கிலிசிலை கிடக்கு. நீதான் வாசிச்சுச் சொல்லவேணும். வாடைக் காத்து துவங்கிறதுக்குள்ளை சரிவராட்டிக் கழட்டி ஆருக்கும் குடுத்துப்போடுவன்."

"ஞாயிறு வாறன்" என்றேன். மட்டையை விட்டுவிட்டிருந்தேன். முதுகு கோணலாக ஒட்டிவிட்டது.

நான் கடற்கரையில் பிறந்தவள், கடலில் போகாதவள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் திருநெல்வேலியில் சிரிப்பார்கள். எங்கள் கரையில் அதில் வியப்பு எதுவும் இல்லை. எங்கள் பெண்கள் வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், வகை பிரிப்பார்கள், காயப்போடுவார்கள், விற்பார்கள். படகின் எந்த மூலையில் எந்த ஆணி துருவேறியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கை படகின் விளிம்பு வரை போகும். கால் போகாது. ஏறாதே என்று யாரும் எனக்குச் சொன்ன நினைவு இல்லை. சொல்லவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

ஒரே ஒரு தரம் போனேன். ஒன்பது வயது. சண்டையில் ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட காலை, கரையோரமாக வடமராட்சிப் பக்கம் எங்களை ஏற்றிக்கொண்டு போன படகில். எங்களுக்கு மேல் ஒரு தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடியிருந்தார்கள். அம்மா என் தலையை மடிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார். காதுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே கடல், தட்டித் தட்டி. அந்தத் தட்டல்தான் எனக்குத் தெரிந்த கடல். அது எப்படியிருந்தது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் என்னை ஓரிடத்தில் இருக்கவிடுவதில்லை. இருபது வருடத்தில் திருநெல்வேலிக்குள் ஒன்பது அறை மாறிவிட்டேன். தண்ணீர் சரியில்லை, சத்தம், வெக்கை என்று வீட்டுக்காரருக்கு ஏதாவது சொல்வேன். புது அறைக்குள் கால் வைத்தவுடன் நான் பார்ப்பது ஒன்றுதான், யன்னல் வடக்கே இருக்கிறதா என்று. கடல் வடக்கே.

ஞாயிறு பின்னேரம் பலாலி வீதி பஸ்ஸில் போய் மயிலிட்டியில் இறங்கினேன். புரட்டாதிக் கடல், ஆடாமல் படுத்துக் கிடந்தது. இறங்குதுறையில் தம்பியின் படகு கட்டி நின்றது. பக்கத்தில் கவிழ்த்த எண்ணெய்க் கான் மேல், தம்பியோடு தொழிலுக்குப் போகும் அண்ணை உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய மனிதர். ஒரு கிழமைக்கு முன் நங்கூரம் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவர், நிமிர்ந்த இருப்பில் இருந்தார், கோயில் சிலை மாதிரி.

"வா பிள்ளை. டொக்டர் வந்திட்டா. நோயாளி ஓடேக்கை கண்ணை மூடுறாராம். என்ரை மனிசியும் பஸ்ஸிலை அப்பிடித்தான், வெளிக்கிட்ட உடனை நித்திரை. அதுக்கும் புத்தகத்திலை ஏதும் கிடக்கோ பார்."

புத்தகத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். இறங்குதுறையில் நின்றபடி வாசித்துச் சொன்னேன். முதலில் கோளாறு மின்சாரத்திலா தண்ணீரிலா என்று பிரிக்க வேண்டும். படகு கட்டி நிற்கட்டும், எஞ்சினை நியூட்ரலில் விட்டு முறுக்கு. படம் உடைந்தால் எஞ்சின் மின்சாரம் வயருக்குள் கலக்கிறது. உடையாவிட்டால் தண்ணீரைப் பார்.

தம்பி முறுக்கினான். எஞ்சின் கத்தியது. படம் அசையவில்லை. ஒன்றரைப் பாகம், துறைக்குள் இருக்கும் சேற்றை வடிவாகக் கீறிக்கொண்டிருந்தது. பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கிற நீளம். பெட்டிக்கு அடியும் மீற்றரும் தெரியும், பாகமும் தெரியும்; தம்பி அதைப் பாகத்தில் வைத்திருந்தான்.

"அப்ப மின்சாரம் இல்லை. தண்ணிதான்" என்றேன். "இனி ஓடிப் பாக்கவேணுமாம். ஒராள் பின்னாலை குனிஞ்சு, சென்சரிலை தண்ணி எப்பிடிப் போகுதெண்டு பாக்கவேணுமாம்."

குனியவேண்டும் என்றதும் இருவரும் அண்ணையின் இடுப்பைப் பார்த்தோம்.

"என்னைப் பாராதையுங்கோ" என்றார் அவர். "குனிஞ்சா நிமிர மாட்டன். பிறகு என்னையும் சேத்துக் கழட்டவேண்டி வரும்."

தம்பி எஞ்சினை நிற்பாட்டினான். கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா ஏறட்டுமே."

நான் போனில் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் தேடினேன். வாயைத் திறந்தால் குரல் ஆசையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அண்ணை தாடையைச் சொறிந்தார். படகைப் பார்த்தார். அதற்குள் நீலக் குவியலாகக் கிடந்த வலையைப் பார்த்தார். "பொம்பிளை ஏறின போட்டிலை வலை வெறுமையா வருமெண்டு சொல்லுறவை" என்றார். தம்பி வாயைத் திறக்கப் போனான். "பொறடா, முடிக்க விடு. வலைக்குத்தானே அந்தக் கதை? வலையை இறக்கு. வலை இல்லாட்டி அது தொழில் போட்டில்லை, சும்மா மிதக்கிற சாமான். அதிலை ஆரும் ஏறலாம். நாய் ஏறினாலும் ஒண்டும் செய்யாது."

"என்னை நாயெண்டுறியளே அண்ணை?"

"நாய்க்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது பிள்ளை. நீ ஏறு."

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. முதலில் தம்பியும் நானும் வலை முழுவதையும் இறங்குதுறையில் இறக்குவோம். கடைசிக் கயிறு வரை. அண்ணை எட்டிப் பார்த்து, மிதப்புக்கட்டை ஒன்றுகூட உள்ளே இல்லை என்று சொன்ன பிறகு நான் ஏறுவேன்.

அலை மறிக்கத் துறைக்கு வெளியே கட்டிய கல்லணையைத் தாண்டியதும் தம்பி எஞ்சினை முறுக்கினான். படகின் முன்பக்கம், அணியம், எழும்பியது. காலுக்குக் கீழே அதே தட்டல், எனக்கு உடனே தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகக் காதுக்குள் வைத்திருந்தது இப்போது கண்ணுக்கு முன்னால். பச்சையாகக் கிடந்த நீர் ஒரு கோடு தாண்டியதும் நீலமாயிற்று. எங்கள் கரையைக் கடலிலிருந்து பார்த்தேன். பனைகள் குள்ளமாகி, வீடுகள் வெள்ளைப் புள்ளிகளாகி, நான் பிறந்த இடம் கைவிரல் ஒன்றால் மறைத்துவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. விரலை வைத்து மறைத்தும் பார்த்தேன்.

"அக்கா! பெட்டி குருடாப் போச்சு! அங்கை என்ன தெரியுது?"

நான் பார்க்க வேண்டியிருந்தது ஒரு சோப்புக் கட்டியை. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிவதற்குள் அவன் வேகத்தைக் குறைத்துவிட்டான். படம் திரும்பி வந்துவிட்டது.

"என்னவாம்?" என்றார் கரையில் காத்திருந்த அண்ணை, நாங்கள் திரும்பியதும்.

"அரைவாசி முறுக்கினோடனை போகுது. ஏனெண்டு தெரியேல்லை" என்றான் தம்பி. "அக்கா பராக்குப் பாத்துக்கொண்டு வாறா."

"அப்ப இன்னொருக்கா ஓடத்தான் வேணும்" என்றார் அண்ணை. அந்த வசனத்தைப் பஸ்ஸில் திருநெல்வேலி வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறுக்குள் தம்பி சென்சரின் சாய்வைக் கொஞ்சம் மாற்றியிருந்தான். வால் பக்கம் சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்று நான் புத்தகத்திலிருந்து சொன்னபடி. வலையை இறக்கினோம். ஏறினேன். இந்தத் தரம் ஒழுங்காகப் பின்விளிம்பில் வயிற்றை வைத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டேன். மெல்லப் போகையில் சென்சர் நீருக்குள் இருந்தது, தெளிவாக. வேகம் ஏறியது. படகின் அடியிலிருந்து நீர் வழுவழுவென்று கண்ணாடித் தகடு மாதிரிப் பிரிந்து போயிற்று. சென்சர் அந்தத் தகட்டுக்கு மேலே, வெள்ளை நுரைக்குள், பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது நீரைத் தொடவே இல்லை. நுரைக்குள் அந்தச் சத்தம் இறங்காது, காற்றிலிருந்தும் இறங்காது. இவ்வளவுதான் விஷயம். படகின் அடி விளிம்பிலிருந்து இரண்டு விரல் மேலே திருகியிருக்கிறான். இரண்டு விரல் கீழே இறக்கினால் சரி.

தலையைத் தூக்கினேன். முகமெல்லாம் உப்பு.

"என்ன தெரியுது?"

அந்த நேரம் சூரியன் மேற்கே சாய்ந்து கடல் முழுக்க உடைந்த தகரம் மாதிரி மினுங்கியது. பதில் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் இந்தப் படகு திரும்ப வலை ஏற்றிய படகாகிவிடும் என்றும் தெரிந்தது.

"நுரையாக் கிடக்கு" என்றேன். "வடிவாத் தெரியேல்லை."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். நுரையாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு வயரை எஞ்சின் கேபிளிலிருந்து பிரித்து மற்றப் பக்கத்தால் இழுத்துப் பார்ப்போம் என்றேன். மின்சாரம் இல்லை என்று முதல் நாளே நான்தான் கண்டுபிடித்தவள். தம்பிக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு வயரைப் பிரித்தான். ஓடினோம். பெட்டி அரைமுறுக்கில் குருடாயிற்று. நான் குனிந்து பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வடக்கே, கரை தெரியாத பக்கமே பார்த்துக்கொண்டு போனேன். தம்பி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வழக்கத்தைவிடத் தூரம் ஓடினான். திரும்பி வந்து நான் இறங்கும்போது அண்ணை சொன்னார்: "பிள்ளையின்ரை முகம் கறுத்துப்போச்சு. ஆனா முந்தி இப்பிடிச் சிரிச்சுக் கண்டதில்லை."

புதன்கிழமை தம்பி போன் எடுத்தான். முந்தின நாள் பெட்டி சொன்ன எண்ணை நம்பி ஓடியிருக்கிறான். அது நின்றுபோன எண். மணல் என்று நினைத்துக் கல்லின் மேல் வலையை விட்டுவிட்டான். இழுக்க இழுக்க வரவில்லையாம். வந்தது பாதி. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஞாயிறு வரேக்கை வலை கட்டுற ஊசி கொண்டு வா. உன்ரை கைதான் கெதியா ஓடும்."

அந்தக் கிழமை கடையில் எந்த ஆய்வேட்டின் முதுகும் எனக்கு நேராக ஒட்டவில்லை.

ஞாயிறு போனபோது வலை இறங்குதுறையின் நீளத்துக்கு விரித்துக் கிடந்தது. ஆள் புகுந்து போகக்கூடிய கிழியல்கள். அண்ணையும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் இடுப்பு கொஞ்சம் சுகம், குனிந்திருந்தார். நான் நடுவில் உட்கார்ந்து ஊசியில் நூல் சுற்றினேன். பத்து வலைக்கண் கட்டியிருப்பேன்.

"தம்பி, சென்சர் உயரத்திலை கிடக்கு" என்றேன். "ஓடேக்கை நுரைக்குள்ளை தொங்குது. ரெண்டு விரல் கீழை இறக்கவேணும்."

அவன் கை நின்றது. எழும்பிப் போய்ப் படகின் பின்பக்கம் குந்தி, விரலை வைத்துப் பார்த்தான். படகடியின் விளிம்பு, அதற்கு மேல் இரண்டு விரல், பிறகு சென்சர்.

"கீழை வைச்சா இழுக்கேக்கை உடைஞ்சு போகுமெண்டு—" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

இழுக்கும்போது. ஊர் இல்லாத காலம் முழுவதும் மற்றவர்களின் கரையில் தொழில் செய்தோம். அங்கே துறை இல்லை. தினமும் படகை மணலில் ஏற்ற வேண்டும், தினமும் இறக்க வேண்டும். அடியில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் மணல் பிய்த்துவிடும். தம்பி தொழில் பழகியது அந்த மணலில். இங்கே கல்லணை இருக்கிறது, படகு நீரில் கட்டி நிற்கிறது, யாரும் இழுப்பதில்லை. சென்சருக்குத் துளை போட்ட அன்றைக்கு அவன் கை தானாகவே இரண்டு விரல் மேலே போயிருக்கிறது.

"இஞ்சை நாங்கள் இழுக்கிறேல்லையே" என்றான் மெதுவாக.

அண்ணை ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சிரித்தார். "போட்டு தண்ணியிலை நிக்குது. உன்ரை கை இன்னும் மணலிலை நிக்குது. ஊருக்கு வந்து எவ்வளவு நாளடா!" பிறகு ஊசியை எடுத்துவிட்டு, "நானும் பக்கத்திலைதான் நிண்டனான். எனக்கும் பிழையாத் தெரியேல்லை" என்றார்.

தம்பி வந்து உட்கார்ந்தான். வலையை மடியில் இழுத்துப் போட்டான்.

"எப்ப கண்டனி?"

"ரெண்டாம் முறை."

ஐந்தாறு கண் கட்டினான். "அப்ப மூண்டாம் முறை?"

"சும்மா வந்தனான்."

அண்ணை எழும்பி, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அங்காலே போனார். அவர் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. தம்பி நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். கிழியல்களில் பெரியதை, ஆள் புகக்கூடியதை, என் பக்கம் தள்ளிவிட்டான்.

"இதை நீ கட்டு" என்றான்.

கட்டினேன். பொழுது சாயும்வரை கட்டினேன். விரல் வெடித்தது. நடுவில் ஒருமுறை அவன் தேத்தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு தம்பி வீட்டிலேயே தங்கி, திங்கட்கிழமை கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சென்சரைக் கீழே இறக்க, படகைக் கரைக்கு ஏற்றித்தான் துளை போட வேண்டியிருந்தது. காலையில் எல்லோருமாக இழுத்தோம். அண்ணை இழுக்காமல் சத்தம் மட்டும் போட்டார். என் கையும் விளிம்பில் இருந்தது. பழைய துளைகளைப் பைபர் பசையால் அடைத்து, இரண்டு விரல் கீழே புதுத் துளை போட்டு, சென்சரின் முகம் அடி விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்படி திருகினான். இறுக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "சரியோ?" என்று கேட்டான். குந்திப் பார்த்தேன். "வாலை ஒரு சொட்டுக் கீழை விடு" என்றேன். விட்டான்.

பின்னேரம் படகு இறங்கியது. கட்டி முடித்த வலை மடிந்து மடிந்து உள்ளே போயிற்று, கடைசி மிதப்புக்கட்டை வரை. அண்ணை இடுப்பில் ஒரு சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். தம்பி எஞ்சினைத் தொட்டான், வலையைப் பார்த்தான், இறங்குதுறையில் நின்ற என்னைப் பார்த்தான்.

"வலை ஏத்தியாச்சு அக்கா."

"ஓம். போயிட்டு வா."

கல்லணையைத் தாண்டும்வரை மெல்லப் போனார்கள். பிறகு எஞ்சின் சத்தம் ஏறியது. அணியம் எழும்பியது கரையிலிருந்தே தெரிந்தது. நான் கயிறு கட்டும் இரும்பில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அக்கா, கேக்குதா? முழுக்க முறுக்கியாச்சு. கேள்." காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து அவன் வாசித்தான். "நாலு. நாலரை. மணல். நாலரை. அஞ்சு. அஞ்சேகால்..."

பின்னால் அண்ணையின் குரல்: "பிள்ளைக்குச் சொல்லு, நோயாளி கண்ணை முழிச்சிட்டாரெண்டு!"

"ஆறு. ஆறு. கல் துவங்குது அக்கா, கறுப்பா வருது. ஆறரை. இப்ப மணல், ஒழுங்கை, வடிவாத் தெரியுது. ஏழு. மீன் கிடக்கு ஒரு கொத்து. ஏழேகால்..."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு அதுவும் இல்லை. தூரம் போய்விட்டார்கள்; அங்கே சிக்னல் கிடைக்காது. நான் திரும்ப அழைத்துப் பார்த்தேன், போகவில்லை.

ஏழேகால் பாகம். அதற்கு அப்பால் கல்லா மணலா என்று தெரியாமல், போனைக் காதிலிருந்து எடுக்காமல், படகு இருந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பஸ் ஆறு மணிக்கு. அது வந்து ஹோன் அடித்த பிறகுதான் எழும்பினேன்.